ரெண்டு இன்ச் ஓரம்

"ஹலோ... ஹலோ, சட்டம்மாவா? நான்தாங்க, மைக்காரன்... ஆமா, ஆமா, நல்லா இருக்கேன்... இல்லயே, மூச்செல்லாம் வாங்கல... ஓடியும் வரல. நின்ன இடத்துலதான் நிக்கிறேன். அத விடுங்க. காலையில உங்க மேசை மேல ஒரு பார்சல் வச்சிட்டு வந்தேனே... அதேதான். அதப் பிரிச்சிட்டீங்களா?"

மூச்சு வாங்கவில்லையாம். இழுப்பறையைத் திறந்த கையோடு, மூடக்கூடத் தோன்றாமல், நாலே எட்டில் கடையின் அந்தக் கோடிக்குப் பாய்ந்து போனை எடுத்த மனிதர் சொல்கிறார் இதை. நின்ற இடத்தில் நிற்பது மட்டும் உண்மை. போனில் ஆறு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. சார்ஜர் ஒயரோ குட்டை. சுவரை விட்டு இரண்டடி நகர்ந்தால் பிடுங்கிக்கொள்ளும். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அந்த இரண்டடிக்குள்ளேயே இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டிருந்தார்.

"இன்னும் பிரிக்கலையா? அப்பாடா!... இல்லைங்க, அப்பாடான்னு சொல்லல. அப்படியான்னு சொன்னேன். அப்படியா!... ஆமா. அப்படியே வச்சிருங்க. கையே வைக்காதீங்க. நானே வந்து அத எடுத்துட்டு வேற ஒண்ணு குடுத்துடறேன்... ஏன்னா... ஏன்னாங்க... அது மாறிப் போன தாள்."

மைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். சல்லடைத் துணி வழியாக மையை இழுத்து அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை. நகக்கண்ணில் இன்றைக்கு என்ன நிறம் இருக்கிறதோ, அதுதான் இன்றைய வேலை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். சட்டம்மா நாலு தெரு தள்ளிப் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி பொருத்துகிறவர். சட்டம் போடுவதால் அந்தப் பெயரா, சட்டம் பேசுவதால் அந்தப் பெயரா என்று கேட்டால், இரண்டுக்கும் பொருத்தம்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பதினோரு வருஷப் பழக்கம். திங்கட்கிழமைதோறும் சட்டம்மா மைக்காரர் கடைக்கு வருவார். சட்டம் போட வேண்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். "ரெண்டு இன்ச் ஓரம் விடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஓரம் இல்லாம நான் எதப் புடிச்சு மாட்டறது?" என்று ஒரு பாட்டம் திட்டுவார். பிறகு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். கணவரை விட்டுப் பிரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் வெளியூரில் படிக்கிறாள்.

மைக்காரருக்கு அவரைப் பிடிக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னால் அவ்வளவுதான் விஷயம். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதருக்கு வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் தனியாகத் தெரிகிறது என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்?

"தெரியாமக் குடுத்துட்டேங்க... ஆமா... ஆமா, அந்தக் காதல் படம்தான். நாப்பது தாள் போட்டது... சாயங்காலம்தான் மாட்டணும், எனக்குத் தெரியாதா? அஞ்சு மணிக்கு ஓவியர் அம்மா உங்க கடைக்கு வந்து கையெழுத்துப் போடுவாங்க, அப்புறம்தான் கண்ணாடி... எல்லாம் ஞாபகம் இருக்கு. மணி மூணுதானே ஆவுது? நான் ஓடி வந்து... அது என்னங்க சத்தம்?... கத்தரிக்கோலா? எதுக்குங்க இப்போ கத்தரிக்கோலு?"

அந்தக் காதல் படத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். ஓவியர் அம்மா ஒருவர் தம் ஓவியக்கூடத்து வாசலில் ஒரு பெட்டி வைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் 'உங்களுக்குப் பிடித்தவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்' என்று கேட்டார். குவிந்ததில் இருபத்துநாலு வரிகளைப் பொறுக்கினார். இருபத்துநாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு வரி, மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள். நாற்பதே தாள். அதோடு ஸ்கிரீனைக் கழுவிவிட வேண்டும், மறுபடி அடிக்கக் கூடாது என்பது பேச்சு. அச்சடித்தவருக்கு ஒரு தாள் சொந்தம். மற்ற முப்பத்தொன்பதும் ஓவியர் அம்மாவுக்கு.

கடைசி நேரத்தில் இருபத்துநாலாம் வரியை எழுதியவர்கள் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். வரியைத் திருப்பிக் கொடு என்று வந்து நின்றார்கள். "அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும். பாக்கறவங்க மனசுல இருக்கறத எழுதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் ஓவியர் அம்மா.

பார்க்கிறவர்களுக்கு முன்னால் மைக்காரர் மனசில் இருந்தது முந்திக்கொண்டது. எழுத்துகளுக்கான கடைசி ஸ்கிரீன் தயாரிக்கும்போது அந்தக் காலிக் கட்டத்தில் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதினார். ஒரே ஒரு தாள் இழுத்தார். உடனே அந்த இடத்தில் டேப்பை ஒட்டி அடைத்துவிட்டு, மீதி முப்பத்தொன்பதையும் காலிக் கட்டத்தோடு இழுத்து முடித்தார். வரி இருக்கும் ஒரே தாள் தன்னுடையது, இழுப்பறையில் கிடக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர் கணக்கு.

கணக்கு எங்கே தப்பியது என்றால், காயவைக்கும் அடுக்கில். எப்போதும் அடித்தட்டிலிருந்து மேலே மேலே வைத்துக்கொண்டு போவார். காய்ந்ததும் மேலிருந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், முதலில் அடித்த தாள் உச்சியில் வந்து நிற்கும். அன்றைக்கு அடித்தட்டுகளில் வேறு வேலை காய்ந்துகொண்டிருந்ததால் மேலிருந்து கீழாக வைத்தார். எடுக்கும்போது மட்டும் கை பழைய பழக்கத்திலேயே எடுத்தது. அடுக்கு தலைகீழாகிவிட்டது. உச்சித் தாள்தான் தன் வரி இருப்பது என்று நினைத்து, பார்க்க வெட்கப்பட்டு, மெல்லிய தாளில் கவிழ்த்துச் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தார். கடைசியாக அடித்ததில்தான் மை நன்றாக ஏறியிருக்கும் என்று அடியில் இருந்ததை உருவிச் சட்டம்மாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். இப்போதுதான் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். இருபத்துநாலாம் கட்டம் வெறும் ஆரஞ்சாக அவரைப் பார்த்துச் சிரித்தது.

"பிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல!... கோவமில்லைங்க. எனக்கென்ன கோவம்?... என்ன மாறிப் போச்சுன்னா... அதுல ஒரு தப்பு இருக்குங்க. எழுத்துத் தப்பு... ஒரு புள்ளி. வேண்டாத இடத்துல ஒரு புள்ளி விழுந்திருக்கு. ஸ்கிரீன்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாப் போதும், மை கசிஞ்சு புள்ளியா நின்னுடும்... எந்த எழுத்து மேலயா? அது... இப்போ ஞாபகம் இல்லயே..."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். போயும் போயும் யாரிடம் போய் எழுத்துத் தப்பு என்று சொல்வது? தெருவில் ஒரு பெயர்ப்பலகை விடாமல் படித்துப் பார்த்து, ஒற்று விட்டுப்போன கடைக்குள் நுழைந்து முதலாளியைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொல்லிவிட்டு வருகிற பெண்மணி அவர். தப்பு இருக்கிறது, எங்கே என்று தெரியாது என்று சொன்னால் சும்மா இருப்பாரா?

"வேண்டாங்க... கண்ணாடியெல்லாம் எதுக்குத் தேடறீங்க? தலை மேலயா இருக்கு?... சரி... சரி... பிரிச்சாச்சா... நல்லா இருக்கா? தேங்க்ஸ்ங்க. அந்த இளஞ்சிவப்பு வரதுக்கு மூணு தடவ மை கலந்தேன்... ஐயோ, வாய் விட்டுப் படிக்கணுமா?... ம்... 'உன் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது'... சரியாத்தான் இருக்கு, புள்ளி ஒண்ணும் கூட இல்ல... ம்... 'சண்டை போட்டாலும் சாவியை என்னிடமே கொடு'... ஆமா, அது நல்லா இருக்குல்ல? எனக்கும் பிடிச்சுது... 'என்னிடமே'தான், புள்ளி சரி."

சட்டம்மா ஒரு வரியைப் படிப்பார். எழுத்தெழுத்தாக நிதானிப்பார். அடுத்த வரிக்குப் போவார். நிமிஷத்துக்கு இரண்டு வரி என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு நிமிஷம். ஓடினால் நாலு தெருவுக்கு எட்டு நிமிஷம். ஓடலாம்தான். ஆனால் ஒயரைப் பிடுங்கினால் போன் செத்துவிடும். போன் செத்தால் பேச்சுக் கொடுத்துத் தடுக்க வழியில்லை. மைக்காரர் ஒரு காலைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தார், மறுபடி சுவர்ப் பக்கமே வந்துவிட்டார்.

"அது கிடக்கட்டும்ங்க, பொண்ணு போன் பண்ணுச்சா?... காலையிலயேவா? நல்லது, நல்லது. பரீட்சை எப்படி... முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சா? ஆமால்ல, நீங்கதான் சொன்னீங்க... எட்டாவதா? அதுக்குள்ளவா?... 'பேருந்தில் உனக்கு இடம் பிடிக்க என் குடை போதும்'... சரிங்க, புள்ளியெல்லாம் சரி... யாரு எழுதினதுன்னு தெரியாது. பெட்டியில பேரு போட வேண்டாம்னுட்டாங்க... ஒரு நிமிஷம். அக்கா, வரேன்க்கா! சோறு ஆறினா ஆறட்டும்!... உங்கள இல்லைங்க. எங்க அக்கா. மாடியில இருந்து தரையைத் தட்டறாங்க. ரெண்டு மணியில இருந்து தட்டறாங்க."

சட்டம்மா கோபித்துக்கொள்வார் என்பதல்ல அவர் பயம். திட்டு வாங்கிப் பழகியவர்தான். பயம் அந்த மர வியாபாரியால் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், சட்டம்மா மரம் வாங்கும் கடைக்காரர் ஆள் விட்டு, கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டனுப்பினார். சட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே கடையை மாற்றிவிட்டார். இன்றைக்கும் இரண்டு பஸ் மாறிப் போய்த்தான் மரம் வாங்குகிறார், அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. ஊரில் வேறு அச்சுக்கடைகளுக்கா பஞ்சம்? வருகிற திங்கட்கிழமை அந்த ஜன்னலோர நாற்காலி காலியாகக் கிடந்தால் என்ன செய்வது?

"எத்தனாவது?... பதினாறா... 'நீ விளக்கை அணைத்த பிறகுதான் நான் அணைப்பேன்'... எதிர் மாடிக்காரங்களா இருக்கும்... ஆமா, சிரிப்பு வருதுல்ல... இல்லைங்க, நான் அழல. மை வாடை, கண்ணு எரியுது... சட்டம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? புள்ளி இல்லவே இல்ல போல இருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மூடி வச்சிருங்க. உங்களுக்கு ஆயிரம் வேலை... தேடறத பாதியில விடற பழக்கம் இல்லையா? தெரியும்... தெரியும்ங்க..."

நாலு சதவீதம். ஒயர் எங்கேயோ லூசு. ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகமாக இருந்தது. நகத்திலிருந்த ஆரஞ்சு மையைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டே நின்றார்.

"இருபத்தொண்ணு... ம்... 'அம்மா, நீ திட்டாமல் காது வலிக்கிறது'... நம்மள மாதிரியே ஒருத்தங்க... இருபத்திரண்டு... சரி... இருபத்து மூணு... அதுவும் சரி. பாத்தீங்களா? ஒண்ணும் இல்ல. அவ்வளவுதாங்க, முடிஞ்சு போச்சு! மொத்தம் இருபத்து மூணுதான். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது, நீங்க அத மடிச்சு... என்னது?... கீழ வலது மூலையிலயா?... ஆரஞ்சா?... அது சும்மா கட்டங்க. காலிக் கட்டம்... எழுத்து இருக்கா..."

இல்லாமல் என்ன? அவரே எழுதியது. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. விளக்குக்குக் கீழே பிடிக்கிறார் போலிருக்கிறது. மறுநொடி காதில் விழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"என்னது? பல்லா?... என்ன படிக்கிறீங்க? பல்லு எங்கங்க வந்துச்சு அதுல?... பல்லெல்லாம் இல்லைங்க! பல! பல நாளாக! 'பல நாளாக ஓரம் விட்டு வைத்திருக்கிறேன். அளந்து பார்க்க வா'ன்னு... பல் நாளாகன்னு எவனாவது எழுதுவானா? நான் எழுதும்போது 'ல' மேல புள்ளி..."

சுவரில் சாய்த்திருந்த நெற்றி தானாக நிமிர்ந்தது.

இல்லாத புள்ளி ஒன்றைச் சொல்லி அந்த அம்மாளைத் தேட வைத்தாரே, அது நிஜமாகவே இருந்தது. அதுவும் எங்கே? அவர் ஒளிக்கப் பார்த்த வரியிலேயே. எந்த ஸ்கிரீனையும் வெளிச்சத்தில் பிடித்து, ஊசித்துளை தேடி அடைக்காமல் அவர் ஒரு தாள்கூட இழுத்ததில்லை. அந்த ஒரு வரியை மட்டும், வெட்கத்தில், நிமிர்ந்து பார்க்காமலே விட்டுவிட்டார். மை சரியாக 'ல' தலைமேல் கசிந்து புள்ளியாக உட்கார்ந்துகொண்டது. தொழில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததில், தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"...ம்... இருக்கேங்க. லைன்லதான் இருக்கேன்... ஆமா... ஆமா. என் கையெழுத்துதான்... நான்தான் எழுதினேன். வேற யாரு?... இல்லைங்க, விளையாட்டுக்கில்ல... யாருக்குன்னா... என்கிட்ட ஓரம் கேக்கறவங்க எத்தன பேருங்க இருக்காங்க?"

மாடியில் அக்கா தட்டுவது அந்த நேரம் பார்த்து நின்றுபோனது.

"சட்டம்மா?... ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க. திட்டறதுன்னா நல்லாத் திட்டிடுங்க, நான் கேட்டுக்கறேன்... அந்தத் தாள வேணும்னாக் கிழிச்சுப் போட்டுடுங்க. அந்த வரி அதுல மட்டும்தான் இருக்கு, ஸ்கிரீனையும் கழுவிட்டேன், இனிமே யாரும் பாக்க முடியாது... ஆனா ஒண்ணு. அந்த மரக்கடைக்காரருக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் செஞ்சிடாதீங்க. வேற அச்சுக்கடை பாத்துக்காதீங்க. நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். திங்கக்கிழமை எப்பவும் போல வாங்க, ஓரம் பத்தலன்னு கத்துங்க, டீயக் குடிச்சிட்டுப் போங்க. எனக்கு அது போதும். அதுவும் இல்லன்னா என்னால முடியாதுங்க, சொல்லிட்டேன்... அது என்ன சத்தம்?"

சர்ரென்று எதையோ இழுக்கும் சத்தம். படக்கென்று உள்ளே சுருண்டுகொள்ளும் சத்தம். மைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். சட்டம்மாவின் இரும்பு டேப்.

"அளக்கறீங்களா?... இப்போ எதுக்குங்க அளக்கறீங்க?... எவ்வளவு? ஒன்றரையா? ஒன்றரை இன்ச்சா? இருக்கவே இருக்காது! நாலு பக்கமும் அளந்து ரெண்டு விட்டேன்... கீழ்ப் பக்கமும் ரெண்டுதான். உங்க டேப்போட நுனி வளைஞ்சிருக்கு, போன மாசமே சொன்னேன்... நேர்ல காட்டணுமா? காட்டறேனே. எந்தத் தாள வேணும்னாலும் அளந்து பாருங்க, ரெண்டுக்கு ஒரு நூல் கொறைஞ்சா என்னக் கேளுங்க... எப்போ?... இப்போவா?... கடையப் பூட்டிட்டா?"

அளந்து பார்க்க வரச் சொன்னவரே அவர்தான். அளக்க வருகிறேன் என்று ஒருத்தி சொல்லும்போது டேப்பின் நுனி வளைந்திருக்கிறது என்று வாதாடிக்கொண்டிருந்ததும் அவர்தான். விஷயம் மண்டையில் ஏற அரை நிமிஷம் ஆயிற்று. ஏறியதும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வாங்... என்னது? அதுவா?... 'வா'ன்னு இருக்கறதா... பதினோரு வருஷமா வாங்க போங்கன்னுதான் பேசறேன், ஆமா... அது... அதுல இடம் பத்தலைங்க... இல்ல. பொய். இடம் தாராளமா இருந்துச்சு. ரெண்டு எழுத்தென்ன, ரெண்டு வரியே போட்டிருக்கலாம். அந்தப் புள்ளிதான் தப்பு. 'வா' தப்பில்ல. வேணும்னுதான் அப்படி எழுதினேன்."

இரண்டு சதவீதம்.

"சரி... சரிங்க. ஓவியர் அம்மாவுக்கு வேற தாள் எடுத்து வைக்கிறேன், நீங்க வந்ததும் குடுத்துடறேன்... அப்போ அந்தத் தாளு?... நீங்களே வச்சுக்கறீங்களா... சட்டம் போட்டா?... புள்ளிய பிளேடால பதமாச் சுரண்டிடலாம்ங்க, தெரியாது... வேண்டாமா? அப்படியே இருக்கட்டுமா? பல்லோடவா!... சிரிக்காதீங்க. எனக்கு மானம் போவுது... சிரிங்க, சிரிங்க, பரவாயில்ல... என்னது?... வாயால சொல்லணுமா? எதச் சொல்லணும்?... அச்சுல இருக்கற மாதிரியேவா?"

தொண்டையைச் செருமிக்கொண்டார். மாடியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பதினோரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த சொல், ஒரே எழுத்து, வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"...ம்... இருங்க, இருங்க, சொல்றேன்... வச்சிடாதீங்க... ... வா."

அந்தப் பக்கம் பட்டென்று லைன் அறுந்தது. மைக்காரர் பதறிப்போய் போனைப் பார்த்தார். இன்னும் ஒரு சதவீதம் மிச்சம் இருந்தது. வைத்தது சட்டம்மாதான்.